இன்னிக்கும் சுரண்டினேன்

முழங்கை வரைக்கும் கறுப்பு. சோப்பு போட்டாச்சு, எண்ணெய் தடவித் துடைச்சாச்சு, சாம்பலும் போட்டுத் தேய்ச்சாச்சு. நாத்தம் மட்டும் போகமாட்டேங்குது. வீட்டுக்கு வெளியே ஒரு விறகு பாய்லர் நிக்குது இல்ல, தண்ணியைச் சூடாக்கிக் குழாய்ல அனுப்பி வீட்டைக் கதகதப்பா வைக்கிறது, அதோட கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, ஒரு மணி நேரம் சுரண்டிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். போன வாரமும் இதே வேலை. அதுக்கு முந்தின வாரமும் இதே வேலை.

கிரியோசோட்! விறகுப் புகை சுவத்துல தாரா ஒட்டி இறுகுதே, அந்தக் கறுப்புக்கு அதான் பேரு. 1832ல ரைஹன்பாக்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் மரத் தாரிலிருந்து ஒண்ணைப் பிரிச்செடுத்து, கிரேக்கத்துல 'மாமிசத்தைக் காப்பது'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இந்தப் பேரை வச்சாராம். மாமிசத்தைக் காப்பாத்துமோ என்னவோ, என் பாய்லர் தகட்டைத் தின்னுக்கிட்டிருக்கு. அதுல இருக்கிற அமிலம் இரும்பைச் சும்மா விடாது.

வித்த ஆள் சொன்ன வார்த்தை இன்னும் காதுல இருக்கு. "எதை வேணும்னாலும் போடுங்க சார், பச்சை மரமானாலும் எரிச்சுத் தள்ளிடும்." எரிக்கும், யார் இல்லைன்னா? கணக்குப் போட்டுப் பாருங்க. 50 கிலோ பச்சை விறகு. எடையில 40 சதவீதம் ஈரம். அப்படின்னா 20 லிட்டர் தண்ணி. ரெண்டு வாளித் தண்ணியைத் தூக்கி அடுப்புக்குள்ள வச்சு, 'நல்லா எரி ராசா'ன்னு கதவைச் சாத்துறோம். தண்ணியைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதி வரைக்கும் கொண்டுவர ஆகிற சூட்டைப்போல அஞ்சு மடங்குக்கு மேல அதை ஆவியாக்கி விரட்ட ஆகும். அவ்வளவும் என் விறகோட சூடு. வீட்டுக்கு வரவேண்டியது, வெள்ளைப் புகையா வானத்துக்குப் போகுது. போற வழியில புகைபோக்கிக்கு உள்பூச்சும் பூசிட்டுப் போகுது.

சரி, தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டேன். விறகைப் பிளந்து, தரை படாம அடுக்கி, தலைக்கு மட்டும் மூடாக்கு போட்டு, பக்கமெல்லாம் காத்தாட விட்டு ஒரு வருஷத்துக்கு மேல காயவச்சேன். ஈரம் பார்க்கிற மீட்டரும் வாங்கினேன். (வெளித்தோல்ல குத்திப் பார்த்துட்டு 'காஞ்சிடுச்சு'ன்னு குதிக்கிற ஆளுங்க இருக்காங்க. கட்டையை அப்பவே பிளந்து உள்முகத்துல குத்தணும் சாமி, வெளியே எல்லாக் கட்டையும் காஞ்சுதான் இருக்கும்.) 20 சதவீதத்துக்குக் கீழ வந்துச்சு. ஒழிஞ்சுது சனியன்னு நிம்மதியா இருந்தேன்.

ஒழியலை. குறைஞ்சுது, அவ்வளவுதான்.

ஏன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. இந்த அடுப்போட அமைப்பே அப்படி. நெருப்பைச் சுத்தி நாலு பக்கமும் தண்ணி. அந்தத் தண்ணி 80 டிகிரியைத் தாண்டுறதே அபூர்வம். எரியாத புகையோ 120 டிகிரிக்குக் கீழ ஒரு சுவர் கிடைச்சாப் போதும், தாரா ஒட்டிக்கும். அடுப்புக்கு உள்ளேயே குளிர்ந்த சுவரைக் கட்டி வச்சுட்டு, 'ஏன் ஒட்டுது, ஏன் ஒட்டுது'ன்னு கேட்டா?

அதுக்கும் மேல, சூடு பார்த்து அடுப்பை அடக்குற தெர்மோஸ்டாட். தண்ணி வேண்டிய சூட்டுக்கு வந்ததும் காத்து வர்ற வழியில இருக்கிற கதவு, அதான் டேம்பர், மூடிக்கும், காத்து ஊதுற ப்ளோயர் நின்னுடும். உள்ளே கிடக்கிற முழு விறகுக்கும் மூச்சு நின்னுபோகும். ஆனா சூடு இருக்கே, அது விறகிலிருந்து புகையைக் கக்க வச்சுக்கிட்டே இருக்கும். அந்தப் புகை முழுசா எரியணும்னா சுமார் 600 டிகிரியும் நிறையக் காத்தும் வேணும். ரெண்டும் இல்ல. நெருப்பில்லாம புகையுமான்னு ஊர்ல கேப்பாங்க. என் பாய்லர்ல நெருப்பு தூங்குறதாலதான் புகையுது! மணிக்கணக்கா அது தூங்குது, நான் முழிச்சு உட்கார்ந்து சுரண்டுறேன்.

அந்த ஆள் இன்னொண்ணும் சொன்னார்: "ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்கங்க சார், பின்னாடி உதவும்." உதவுது நல்லா. தேவைக்கு மேல பெரிய பாய்லர்னா பத்து நிமிஷம் எரிஞ்சுட்டு ஒரு மணி நேரம் தூங்கும். குளிர் குறைஞ்ச நாள்ல கேக்கவே வேண்டாம்.

யோசனை சொல்ல வர்றவங்களுக்கும் குறைச்சலில்ல. "பைன் மரம் போடாதே, பிசின் இருக்கு, அதான் ஒட்டுது." காஞ்ச பைன் கட்டை சூடா எரிஞ்சா ஒண்ணும் ஒட்டாது, ஈரமான வைரக் கட்டை புகைஞ்சாத்தான் கெட்டியா ஒட்டும். மரத்தோட சாதியைக் கேட்டு என்ன பண்றது? "பவுடர் தூவு." தூவினேன். கண்ணாடி மாதிரி இறுகினதை அது பொரபொரன்னு ஆக்கும், சரி. உதிர்த்து எடுக்கிறது யாரு, பவுடர் கம்பெனியா? "உப்பை அள்ளி வீசு." ஏற்கெனவே அரிக்கிற தகட்டுக்கு உப்பு வேறயா, நல்ல யோசனை!

இதைச் சிரிச்சுக்கிட்டு எழுதுறேன், ஆனா ஒரு ராத்திரி புகைபோக்கி ரயில் போற மாதிரி இரைஞ்சப்போ சிரிப்பு வரலை. உள்ளே பூசியிருந்த தார் தீப்பிடிச்சு எரியுது. ஆயிரம் டிகிரிக்கு மேல போகும்பாங்க. காத்து போற வழியெல்லாம் அடைச்சுட்டு, தள்ளி நின்னு, தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டு, நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அப்புறம்தான் ஒழுங்கா வேலையில இறங்கினேன்.

இப்போ ரொப்புறதே இல்ல. அந்தந்த வேளைக்கு எவ்வளவு சூடு வேணுமோ அவ்வளவு விறகு, கையளவு கனத்துல பிளந்தது. ரெண்டு தரம் போட்டுட்டு மறந்துடலாம்னு வாங்கின பாய்லருக்கு நாலு தரம் ஓடுறேன், அதை விடுங்க. காத்து வர்ற ஓட்டையைச் சாம்பல் மூடியிருந்தா தினமும் தள்ளிவிடணும். எனக்கு இது தெரியவே ஒரு பருவம் ஆச்சு. தினம் ஒரு தடவையாவது, வீட்டுல நிறைய சூடு இழுக்கிற நேரமாப் பார்த்து, டேம்பர் மூடாம அரை மணி நேரம் கொழுந்து விட்டு எரிய விடுறேன். சுவத்துல ஒட்டினது காஞ்சு செதில் செதிலா உதிருது. புகைபோக்கியை வெறும் தகட்டுக் குழாயிலிருந்து வெப்பக்காப்பு போட்ட ரெட்டைச் சுவருக்கு மாத்தியாச்சு. வீட்டைச் சுத்திட்டுத் திரும்புற தண்ணி 60 டிகிரிக்குக் கீழ பாய்லருக்குள்ள நுழையாம ஒரு வால்வு போடணும்னு பொருத்த வந்தவர் அன்னிக்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கலை. குளிர்ந்த தண்ணி திரும்பின இடத்துலதான் தகடு முதல்ல அரிச்சிருந்துச்சு.

இவ்வளவுக்கும் பிறகு, முன்ன விரல் கனத்துக்கு இருந்தது இப்ப நகக் கனம். அதைத்தான் இன்னிக்குச் சுரண்டினேன்.

எழுதிக்கிட்டிருக்கும்போதே வெளியே 'டக்'னு ஒரு சத்தம். டேம்பர் மூடிக்கிச்சு. ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், புகை வெள்ளையா, கெட்டியா, சோம்பேறித்தனமா ஏறுது. யாரோ எனக்கு உதவி பண்றேன்னு அடுப்பை விளிம்பு வரைக்கும் ரொப்பி வச்சிருக்காங்க.