மழை வந்தால் மார்ச் பாஸ்ட் மட்டும் நடக்கும்

தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழையில் கிட்டத்தட்ட பாதி, வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இது ஊரறிந்த விஷயம். ஆனாலும் எத்தனையோ கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் டேயோ பட்டமளிப்பு விழாவோ இந்த மூன்று மாதத்துக்குள்தான், அதுவும் திறந்தவெளியில். அப்புறம் மைக்கைப் பிடித்து "இயற்கை ஒத்துழைக்கவில்லை" என்பார்கள். மண்டலப் போட்டித் தேதி கல்லூரி கையில் இல்லை, சரி. ஸ்போர்ட்ஸ் டே தேதி யார் கையில் இருக்கிறது?

எனக்கு மழைமேல் கோபமில்லை. மழை வந்ததும் எதை வெட்டுகிறார்கள் என்பதுதான் எரிச்சல். போன நவம்பரில் அக்கா மகளுக்காக ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு நீளம் தாண்டுதல். ராத்திரி பெய்த மழையில் மணல் குழி தொட்டி மாதிரி நிரம்பிக் கிடந்தது. இரண்டு பையன்கள் பக்கெட்டால் இறைத்தார்கள்; இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. டிராக்கில் போட்ட சுண்ணாம்புக் கோடு கரைந்து, மூன்றாவது லேன் எது நான்காவது எது என்றே தெரியவில்லை. உயரம் தாண்டுதல் மெத்தையை யாரும் மூடிவைக்கவில்லை. தண்ணீர் குடித்த அதை நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: தாண்டும் போட்டிகள் ரத்து. ஒத்திவைப்பு இல்லை, ரத்து. ஆனால் மார்ச் பாஸ்ட் ஜோராக நடந்தது! வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு பிள்ளைகள் முழங்கால்வரை சகதியில் நடக்க, சிறப்பு விருந்தினர் சாமியானாவுக்குள் நின்று சல்யூட் வாங்கிக்கொண்டார். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்தவளுக்கு ஒரு தாண்டல்கூட இல்லை.

விருந்தினர் தேதி கிடைப்பது கஷ்டம், சாப்பாடு சொல்லியாகிவிட்டது, எல்லாம் புரிகிறது. அதற்குத்தானே மாற்று நாள்? 2023 ஐபிஎல் இறுதிப்போட்டி மே 28 அன்று அகமதாபாத்தில் ஒரு பந்துகூடப் போடாமல் மழையில் போனது. ரிசர்வ் டே இருந்ததால் மறுநாள் ஆடினார்கள். அன்றும் மழை, சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றி, நள்ளிரவு தாண்டி முடித்தார்கள். சிக்ஸரும் ஃபோரும் அடித்துச் சென்னையை ஜெயிக்கவைத்த ஜடேஜாவின் அந்தக் கடைசி இரண்டு பந்து நமக்குக் கிடைத்தது அப்படித்தான். கல்லூரி கையேட்டில் ஒரு வரி சேர்க்க என்ன செலவு?

இதைவிடப் பெரிய கவலை மின்னல். மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மைதானத்தைக் காலிசெய்ய வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் திரும்ப இறங்கக் கூடாது. நம்மூரில் என்ன செய்கிறோம்? மரத்தடிக்கு ஓடுகிறோம், இல்லையென்றால் இரும்புக் கம்பம் நட்ட சாமியானாவுக்குள் ஒண்டுகிறோம். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒயரெல்லாம் ஈரத்தில் கிடக்கும்.

பட்டமளிப்பு விழா கதை தனி. சாமியானா வயிறு தொங்கத் தொங்க, ஒருவர் மூங்கிலால் குத்தித் தண்ணீரை வடிப்பார். அது சரியாகப் பெற்றோர் வரிசையில் வந்து விழும்.

தள்ளிவைப்பதா நடத்துவதா என்ற முடிவை பி.டி. சாரிடம் விட்டுவிடலாம். காலையில் மைதானத்தில் கால் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது அவரிடம் யாரும் கேட்பதில்லை, அழைப்பிதழ் அடித்தவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள்.

உங்கள் கல்லூரி கையேட்டில் 'மாற்று நாள்' என்று அச்சிட்டிருந்தால் கமென்ட்டில் போட்டோ போடுங்கள். நிஜமாகவே பார்க்க ஆசையாக இருக்கிறது.