கூட்டத்தைச் சேர்த்தது கடைக்காரன் இல்லை

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். 2021 மே 23, கொரோனாவுக்காகக் கடைகளையும் மூடிய முழு ஊரடங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மளிகைக் கடை வாசல், தோளோடு தோள் உரச நிற்கிற ஜனம். அதன் கீழே ஒரு பெரிய மனிதர் எழுதிய மூன்று வரியும் வந்திருக்கும். கடைக்காரனுக்குக் கல்லா நிரம்பினால் போதும், எவன் செத்தால் என்ன என்கிற ரகம். பெயர் சொல்லப் போவதில்லை, யாரென்று தெரியும். நம் நண்பர் பட்டியலில் பாதிப் பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். அதையும் பார்த்தேன்.

கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன். கோபமாக இல்லை, கணக்காகவே.

சென்னையில் ஒரு நடுத்தரமான தெருமுனைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 240 பேர் வருகிறார்கள். காலை 6 மணி முதல் ராத்திரி 10 மணி வரை திறந்திருந்தால் மணிக்கு 15 பேர். யாரும் யாரையும் உரச வேண்டியதில்லை. அந்த மே மாதம் 10ஆம் தேதியிலிருந்து பகல் 12 மணி வரைதான் கடை என்றார்கள். அதே 240 பேர், 6 மணி நேரம், மணிக்கு 40. 15ஆம் தேதியிலிருந்து காலை 10 மணியோடு மூடு என்றார்கள். மணிக்கு 60. கடையில் இரண்டு பேர் சாமான் எடுத்துக் கொடுத்தால், ஆளுக்கு நாலு நிமிஷம் என்றாலும், மணிக்கு 30 பேரைத்தான் அனுப்ப முடியும். மீதி 30 பேர் வாசலில். அடுத்த மணியில் இன்னும் 30. ஒன்பதரைக்கு மேல் வருகிறவன் வரிசையைப் பார்த்ததும், இடைவெளிக்காகத் தரையில் போட்ட வட்டத்தையும் கோட்டையும் மறந்துவிடுகிறான், ஷட்டர் இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

நேரத்தைக் குறைத்தால் ஆள் குறையவில்லை. நெரிசல் கூடியது. இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம்.

இப்போது 22ஆம் தேதி சனிக்கிழமைக்கு வருவோம். திங்கள் முதல் ஒரு வாரம் மளிகைக் கடையும் கிடையாது காய்கறிக் கடையும் கிடையாது, அதனால் இன்றும் நாளையும் ராத்திரி 9 மணி வரை எல்லாக் கடையும் திறக்கலாம் என்று அறிவிப்பு. முந்தின நாள்தான் தமிழ்நாட்டில் ஒரே நாள் தொற்று 36,184. அந்த எண்ணைக் கேட்டு வீட்டில் ஒடுங்கியிருந்த ஊரை, ஓடிப்போய் வாங்கிக்கொள் என்று தெருவுக்கு அனுப்பியது யார்? முந்தின வருஷமும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை, ஞாயிறு முதல் நாலு நாள் முழு ஊரடங்கு என்றார்கள். சனிக்கிழமை ஊரே கடைவீதியில். பகல் 1 மணி வரை என்றிருந்ததை அவசரமாக 3 மணி வரை நீட்டினார்கள். அடுத்த சில நாளில், தொற்று பரவிய கோயம்பேடு காய்கறிச் சந்தையின் பெயர் நாடு முழுக்க நாறியது, மே 5ஆம் தேதி சந்தையை மூடி வியாபாரத்தைத் திருமழிசைக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து, ஆட்சியும் மாறிய பிறகு, அதே தவறு. பழி மட்டும் மாறாமல் கடைக்காரன் தலையில்.

“ஒரு வாரத்துக்கு இவ்வளவு பதற வேண்டுமா, மக்களுக்கு ஒழுக்கம் இல்லை” என்பவர்களுக்கு: நாளைக்குக் கூலி கிடைக்குமா என்று தெரியாதவனிடம் ஒழுக்கம் பேசாதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பதறாமல் வாங்குவது எப்படி என்பதைப் பேசலாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் பச்சரிசி, புழுங்கல் எல்லாம் சேர்த்து 5 கிலோ போதும். இட்லி மாவுக்குத் தனியாக 2 கிலோ இட்லி அரிசி, அரைக் கிலோ உளுந்து. துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், தாராளமாகச் சமைக்கிற வீடென்றால் ஒன்றரை. சர்க்கரை 1 கிலோ, வெங்காயம் 3 கிலோ. தக்காளி 2 கிலோ, அதில் பாதி காயாக இருக்கட்டும், பழமாகவே வாங்கினால் வியாழக்கிழமை கூழ். பாலும் குடிநீரும் மருந்தும் அந்த வாரமும் தடையில்லாமல் கிடைத்தன, அவற்றைப் பதுக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? 25 கிலோ சிப்பம், 5 லிட்டர் எண்ணெய் டின், நாலு கிலோ ரவை. ரவையில் அடுத்த மாதம் வண்டு விழும்போது அதற்கும் கடைக்காரன்தான் பொறுப்பு.

எது நேரத்தைத் தின்கிறது தெரியுமா? எடை போடுவது இல்லை, பேச்சு. “உளுந்து இருக்கா?” “இருக்கு.” “முழுசா, உடைச்சதா?” “ரெண்டும் இருக்கு.” “எது நல்லா இருக்கும்?” நாலு நிமிஷம் பத்து நிமிஷமாகிறது. கேட்கிறவர் காது கேட்கவில்லை என்று மாஸ்க்கை இறக்குகிறார், பதில் சொல்கிற பையனும் இறக்குகிறான். தொற்று அந்த இடத்தில்தான் நடக்கிறது, பிஸ்கட் பாக்கெட்டில் இல்லை.

ஆகவே லிஸ்ட். அதையும் ஒழுங்காக எழுதுங்கள். மூட்டையிலிருந்து நிறுத்துத் தருகிற அரிசி, பருப்பு, சர்க்கரை ஒரு பக்கம். பாக்கெட் சாமான் இன்னொரு பக்கம். எத்தனை கிலோ, எந்தக் கம்பெனி, அது இல்லையென்றால் எது என்பதையும் எழுதிவிடுங்கள். “இல்லையென்றால்” என்ற ஒரு சொல் வரிசையில் அரை மணியை மிச்சப்படுத்தும். முந்தின ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டி வைத்துவிடலாம், காலையில் பையை வாங்கிக்கொண்டு போகிற வேலை மட்டும்தான். அதிகம் போகிற சாமானை நாங்களும் முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைக்கிறோம்: உளுந்து அரைக் கிலோ, பருப்பு அரை, ஒன்று, சர்க்கரை ஒன்று. நீங்கள் வந்து “முக்கால் கிலோ” என்றால் அந்த வேலை முழுக்க வீண்.

வாசலில் குறுக்கே மேஜை போட்டுக் கயிறு கட்டுவது நல்லது, மூன்றடி தூரம் தானாகக் கிடைக்கும். ஆனால் பல கடைகளில் தொங்கியதே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட், அது மேலிருந்து கீழ்வரை மூடினால் ஆபத்து. முன்பக்கம் மட்டுமே திறப்புள்ள கடை அது. அதையும் அடைத்தால் உள்ளே காற்று நகராது, இருமுகிற ஒருவன் விட்ட மூச்சைக் கடையில் வேலை செய்கிற எல்லோரும் நாள் முழுக்க இழுக்க வேண்டியதுதான். வாங்க வந்தவரும் சத்தம் கேட்கவில்லை என்று ஷீட்டுக்கு அடியில் குனிந்து முகத்தை நீட்டுவார். ஷீட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு ஃபேனை வைத்து வெளியே பார்த்துத் திருப்பி ஓடவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது.

கைகழுவுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேஜையில் சானிடைசர் இருக்கிறது. ஒரு சொட்டு எடுத்து விரல் நுனியில் தேய்த்துவிட்டு ஈரக்கையோடு ரூபாய் நோட்டை நீட்டினால் அது சாமி தீர்த்தம் மாதிரிதான். கை முழுக்க நனைகிற அளவு எடுத்து, காய்கிற வரை, 20 விநாடிக்குக் குறையாமல் தேய்க்க வேண்டும். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பிரயோஜனமில்லை, பாட்டில் தீரத் தீரத் தண்ணீர் ஊற்றுகிற கெட்டிக்காரர்கள் கவனிக்க. தேய்த்த கையோடு அடுப்பு பற்றவைக்கவும் போகாதீர்கள்.

வீட்டுக்குப் போனபின் நடக்கிற அபிஷேகம் தனி. 2020 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தது, பிளாஸ்டிக்கில் வைரஸ் 72 மணி நேரம், அட்டையில் 24 மணி நேரம் தாங்கும் என்று. ஆய்வகத்தில் பார்த்தது அது. அன்றிலிருந்து சோப்புத் தண்ணீரில் கொத்தமல்லி குளித்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது, பரப்புகளைத் தொட்டுத் தொற்றுகிற வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று. காய்க்குக் குழாய்த் தண்ணீர் போதும். சோப்பு வயிற்றுக்குள் போகக்கூடாது. கீரையையும் மல்லியையும் கழுவி ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டே நாளில் அழுகும். கழுவாமல் துணியில் சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள். முட்டையை முன்கூட்டியே கழுவினால் ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய பூச்சு போய்ச் சீக்கிரம் கெடும். சர்க்கரை, ரவை பாக்கெட்டைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக ஈரம் இறங்கிக் கட்டி பிடிக்கும். “கட்டியா இருக்கு, மாத்திக் கொடுங்க” என்று திரும்ப எங்களிடமே வரும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் தரை துடைக்கிறவர்கள் அதோடு வினிகரையோ ஆசிட் கலந்த கழிவறை லிக்விடையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பாக்கெட்டைக் குளிப்பாட்டுகிறவர், அதை வாங்க நின்ற வரிசையில் முன்னால் நின்றவரின் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டுதான் நின்றார். மாஸ்க் மூக்குக்குக் கீழே.

அடுத்து வரப்போகிற கேள்வி தெரியும். “சரி, விலையை ஏற்றினீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். காய்கறியில் அந்த இரண்டு நாள் நடந்தது பகல் கொள்ளைதான், யாரும் அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் கொஞ்சம் உள்ளே பாருங்கள். காய் மொத்த வியாபாரத்தில் விலை மணிக்கு மணி மாறுகிறது. ஒரு வாரத்துக்கு வேண்டிய காயை ஊரே இரண்டு நாளில் கேட்டால் லாரி அதே எண்ணிக்கையில்தான் வரும். விடியற்காலை ஒரு விலைக்கு எடுத்தவனும் காலை எட்டு மணிக்கு எடுத்தவனும் ஒரே விலைக்கு விற்க முடியாது. மளிகையின் பாக்கெட் சாமானில் அந்த ஆட்டம் நடக்காது, அதில் விலை அச்சடித்திருக்கிறது. சோப்பு, பிஸ்கட்டில் நூற்றுக்கு எட்டு, பத்து லாபம் நிற்கும். எண்ணெயில் இரண்டு மூன்று நின்றாலே பெரிது. எண்ணெய் விலை 2020லிருந்தே ஏறிக்கொண்டிருந்தது, அதற்கும் தெருமுனை அண்ணாச்சிக்கும் என்ன சம்பந்தம்? மாதக் கணக்கு நோட்டில் எழுதிவைத்து, வேலை போன வீடுகளுக்கு “கிடைக்கும்போது கொடுங்க” என்று அந்த ஊரடங்கு முழுக்கச் சாமான் கொடுத்த கடைகள் எத்தனை? அதைப் படம் பிடித்துப் போட யாரும் வரவில்லை. வேண்டாம், அதற்காக விளம்பரம் கேட்கவில்லை. கொலைகாரன் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

“ஆன்லைனில் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே” என்கிறீர்கள். எல்லார் கையிலும் அந்த போனும் அந்தப் பணமும் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பதை விடுங்கள். அந்த ஊரடங்கு வாரத்தின் விதியைப் படித்தீர்களா? மளிகைக் கடை முழுக்க மூடல். ஆன்லைன் வர்த்தக நிறுவனங்கள் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை இயங்கலாம் என்றார்கள். அவர்களுடைய பையன் பைக்கில் பை கொண்டுவந்தால் சேவை, எங்கள் பையன் அதே தெருவில் சைக்கிளில் கொண்டுவந்தால் குற்றம், லத்தி. பாதுகாப்புதான் காரணமென்றால் இரண்டு பைக்கும் என்ன வித்தியாசம்?

இனி ஓர் ஊரடங்கு வந்தாலும் கடையைத் திற என்று நாங்கள் கேட்கவில்லை. ஷட்டர் கீழேயே இருக்கட்டும். போனில் லிஸ்ட் வாங்கவும், உள்ளே இரண்டு பேர் நின்று கட்டவும், இரண்டு கிலோமீட்டருக்குள் வீட்டு கேட்டில் இறக்கிவிட்டு வரவும் அனுமதி கொடுங்கள். பையனுக்கு வார்டு அலுவலகத்தில் ஒரு அட்டை, தெருவில் நிறுத்தினால் காட்ட. காசு ஜிபேயில், இல்லாதவர்களுக்கு நோட்டில் எழுதிக்கொள்கிறோம். அடுத்த ஊரடங்கு அறிவிப்பையாவது மூன்று நாள் முன்னால், திறந்திருக்கிற நேரத்தைக் குறைக்காமல் சொல்லுங்கள்.