மழைமேல மட்டும் பழியைப் போடாதீங்க

ஐப்பசி பொறந்தா தெருவுக்கு நாலு பேர் காய்ச்சல்ல படுத்துக்குறாங்க. கேட்டா, "மழை சீசன் இல்லீங்களா"ன்னு ஒரே பதில். என் பொண்ணுக்கு டெங்கு வந்தது பங்குனியில. பென்னாகரம் பக்கம் பொட்டு மழை இல்லாத காலம்.

அப்ப வந்த கொசு ஒழிப்புப் பணியாளர் அக்கா நேரா கொல்லைக்குப் போய் நீல டிரம்முக்குள்ள டார்ச் அடிச்சாங்க. வெளிச்சம் பட்டதும் புழுவெல்லாம் நெளிஞ்சு அடியில ஓடுச்சு. "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கே"ன்னாங்க அம்மா. "அதனாலதாம்மா இங்க வருது, சாக்கடைக்குப் போறது வேற கொசு." தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல உள்சுவத்தை விரலால தடவிக் காட்டினாங்க. கரித்தூள் மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அத்தனையும் முட்டை.

டெங்குவைப் பரப்புற இந்த ஏடிஸ் கொசு தண்ணியில முட்டை விடுறதில்ல, ஓரத்து ஈரத்துல ஒட்டிட்டுப் போயிடும். காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, நனைஞ்சா பொரியும். நாம மொண்டு மொண்டு மட்டம் இறங்க இறங்க அதுவும் கீழ கீழ வைக்குது. குழாய்ல தண்ணி வந்ததும் பழசு மேலயே புதுசைப் பிடிக்கிறோம். மொத்தமும் முங்குது. மழையே வேணாம், நம்ம டிரம்முக்கு நாமளே மழை!

வானிலைக்குப் பங்கே இல்லைங்கல. மழை பேஞ்சா கொட்டாங்குச்சி, டயர்லகூட தண்ணி நிக்கும், ஈரக்காத்துல கொசு கூடுதல் நாள் உயிரோட இருக்கும். கொசு உடம்புக்குள்ள போன வைரஸ் அடுத்த ஆளுக்குப் பரவுற பக்குவத்துக்கு வர, 25-28 டிகிரியில 8 முதல் 12 நாள் ஆகும். குளிர்ல இன்னும் இழுக்கும். கொட்டித் தீர்க்கிற மழையோ புழுவை அடிச்சுக்கிட்டே போயிடும். அது யாருக்கும் ஞாபகம் வராது.

சரி, டிரம் எதுக்குன்னு கேட்பீங்க. எங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா. போர் தண்ணியைக் குடிச்சுப் பல்லு காவி ஏறின தலைமுறை நாங்க, எல்லாம் ஃபுளோரைடு. 2013ல ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தப்ப அம்மா முதல் குடத்துக்குக் குங்குமம் வச்சாங்க. அந்தத் தண்ணியைச் சேத்து வைக்காதேன்னு எந்த வாயால சொல்றது? கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கிற காசை அடிக்கடி குழாய்த் தண்ணி விடுறதுக்குச் செலவழிச்சா டிரம்மே வேண்டாமேங்கிறது என் கட்சி. அந்தப் புகையில சாகுறது பறக்குற கொசு மட்டும். டிரம் சுவத்துல இருக்கிறது அப்படியே இருக்கும்.

நாளைக்கு எங்க முறை. தேங்காய் நாரு போட்டு ஓரமெல்லாம் தேச்சு டிரம்மைக் கவுத்து வச்சிருக்கேன். அம்மா மட்டும் ரெண்டு தடவை வந்து பாத்துட்டாங்க. "நாளைக்குத் தண்ணி வரலைன்னா என்னடா பண்ணுவ?"