பழைய அளவு

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவின் மகன். 22 வயது. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. கடன் வாங்கி ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, கன்னமெல்லாம் சதை போட்டு, நன்றாகத் தேறி வந்தான். வந்த நான்காம் நாள் இறந்துபோனான்.

"திருந்தி வந்தவனுக்கு மறுபடியும் புத்தி கெட்டுப்போச்சு" என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டார்கள். அங்கே வாய் திறக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஹெராயின், மார்ஃபின், இந்த வலி மாத்திரைகள் எல்லாம் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல உடம்பில் வேலை செய்பவை. உடம்பு பழகப் பழக அளவு ஏறும். சில வாரம் நிறுத்தினால் தாங்கும் சக்தி இறங்கிவிடும், ஆனால் ஏக்கம் இறங்காது. பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம். இதை அந்தக் குடும்பத்துக்கு யாருமே சொல்லவில்லை.

பிரான்ஸில் 1990களில் ஹெராயினும் எய்ட்ஸும் சேர்ந்து இளைஞர்களைக் கொன்றுகொண்டிருந்தன. 1995இல் அந்த அரசு ஒரு முடிவெடுத்தது. பியூப்ரனார்பின் என்ற மாத்திரையைத் தனிப் பயிற்சியோ தனி உரிமமோ இல்லாமல் சாதாரணக் குடும்ப மருத்துவரே எழுதிக் கொடுக்கலாம். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை அது. அதுவும் ஓபியாய்டுதான், ஆனால் ஒரு அளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. போதையை நிறுத்தும்போது வரும் உடம்பு முறுக்கல், பேதி, தூக்கமின்மை எல்லாம் தணியும். ஆள் வேலைக்குப் போகலாம். நான்கே ஆண்டுகளில் அங்கே ஓபியாய்டு அளவு மீறிய சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. சிலர் மாத்திரையை விற்றார்கள், சிலர் ஊசியில் ஏற்றினார்கள். அதுவும் நடந்தது, மறைக்கவில்லை. அதற்காக யாரும் திட்டத்தை இழுத்து மூடவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. மற்ற வலுவான வலி மருந்துகளைப் போல அதையும் மருத்துவர்கள் தாராளமாக எழுதினார்கள். அந்த மருந்துகளுக்கு அடிமையானவருக்குப் பியூப்ரனார்பின் எழுத வேண்டுமென்றால் மட்டும் அதே மருத்துவர் 8 மணி நேரப் பயிற்சி முடித்துத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கவும் கூடாது. நோயைத் தரும் மருந்துக்குத் திறந்த கதவு, நோயைத் தீர்க்கும் மருந்துக்குப் பூட்டு. 2021இல் மட்டும் சுமார் 80 ஆயிரம் பேர் ஓபியாய்டால் இறந்தார்கள். அந்தத் தனி அனுமதி முறையை 2022 டிசம்பரில்தான் எடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று நண்பர்களே கேட்கிறார்கள். சரி, நியாயமான சந்தேகம்தான். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்தப் பையன் பியூப்ரனார்பின் மாத்திரையை எடுத்துக்கொண்டு 40 வயது வரை இருந்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

இந்தியாவிலும் இந்த மருந்து உண்டு. பஞ்சாப் அரசு 2017இல் வெளிநோயாளிகளாகவே வந்து வாங்கிக்கொள்ளும் மையங்களைத் தொடங்கியது. நம் ஊர்ச் செய்திகளிலோ வலி மாத்திரை விற்றவன் கைது, இத்தனை அட்டை பறிமுதல், அதோடு முடிந்துவிடுகிறது. பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் அந்த அட்டைகளை வாங்கிப் பழகியவன் நாளைக் காலை எங்கே போவான்?

போலீஸுக்குப் பயந்துதான் அந்த அக்கா அரசு மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. அந்த அக்காவுக்கு இதை நான் சொன்னது பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.