"கரெக்‌ஷன் போட்டா ஒண்ணுமே மிஞ்சல"

மூளை ஸ்கேன் தரவை அலசுகிறவர்கள் கூடுகிற இடத்தில் இந்தப் புலம்பல் கேட்காமல் இருக்காது. நானும் புலம்பியவன்தான். இப்போது யாராவது சொன்னால் அனுதாபம் வரமாட்டேன் என்கிறது.

எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) ஆய்வில் மூளையை வாக்செல் என்கிற சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் உண்டா என்று தனித்தனிச் சோதனை. வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு தென்படும் வாய்ப்புதான் பி மதிப்பு. அது 0.05-க்குக் கீழே போனால் 'உண்டு'. ஒன்றுமே இல்லாத இடத்திலும் நூற்றுக்கு ஐந்து தடவை அப்படிப் போகும். லட்சத்துக்கு 5,000. வரம்பை 0.001 என்று இறுக்கினாலும் 100 நிற்கும். அந்த நூறும் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தால் சந்தேகமாவது வரும். ஸ்மூத்திங் செய்த, அதாவது பக்கத்து மதிப்புகளைக் கலந்து மழுப்பிய தரவில் பக்கத்து வாக்செல்கள் ஒன்றையொன்று ஒத்துப்போவதால், பொய்யும் கொத்தாகத்தான் வரும். அச்சு அசலாக மூளையின் ஒரு பகுதி போலவே இருக்கும். இத்தனை சோதனைகளில் தற்செயலாக வரும் பொய்களை வடிகட்ட வரம்பை இறுக்குவதுதான் கரெக்‌ஷன், அதாவது திருத்தம்.

செத்த சால்மன் மீன் கதை பலருக்குத் தெரியும். 2009-ல் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் அதை ஸ்கேனரில் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்களுக்கு என்ன உணர்ச்சி?' என்று கேட்டார்கள். திருத்தம் போடாமல் பார்த்தால் மீனின் மூளை வேலை செய்தது, போட்டதும் அடங்கிவிட்டது. 2012-ல் இக் நோபல் பரிசு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது. சிரித்தோம், பாடம் முடிந்தது என்று எழுந்துபோனோம். அது ஒரே ஒரு மீன். குழு ஆய்வில் வில்லங்கம் திருத்தத்துக்குள்ளேயே இருந்தது.

2016-ல் எக்லுண்ட், நிக்கோல்ஸ், நட்சன் மூவரும் ஒரு வேலை செய்தார்கள். சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் ஸ்கேன்களை எடுத்து, கண்டபடி குழு பிரித்து, ஒப்பிட்டார்கள். வித்தியாசம் வரவே கூடாது; வந்தாலும் நூற்றுக்கு ஐந்துதான். கிளஸ்டர் அளவை, அதாவது கொத்து எவ்வளவு பெரிது என்பதை வைத்துத் திருத்தும் முறையில், சில அமைப்புகளில் அது 70 சதவீதம் வரை போனது. மூளைத் தரவில் இரைச்சலின் இடத்தொடர்பு (பக்கத்து வாக்செல்கள் ஒத்துப்போவது) தூரம் கூடக்கூட காஸியன் என்கிற மணி வடிவில் சட்டென்று குறைந்துவிடும் என்று மென்பொருள்கள் நம்பியிருந்தன. நிஜத்தில் அதற்கு நீண்ட வால்: தூரத்திலும் கொஞ்சம் மிஞ்சும். '40,000 ஆய்வுகள் குப்பை' என்று செய்திகள் அலறியது வேறு விஷயம். அந்த எண்ணிக்கை தப்பு என்று ஆசிரியர்களே திருத்திக்கொண்டார்கள்.

எந்த வாக்செல்களைக் கொத்தில் சேர்ப்பது என்று கிளஸ்டரை முதலில் வெட்டும் பி மதிப்பு வரம்பு 0.01 என்றால் நிலைமை மோசம், 0.001 என்றால் பெரும்பாலும் தேவலை. இதை நான் என் தரவிலேயே பார்த்தேன். 0.01-ல் முன்மூளையில் கொழுகொழுவென்று ஒரு சிவப்புக் கொத்து. ஸ்லைடரை 0.001-க்கு நகர்த்தினேன், காணோம். பின்னால் நகர்த்தினேன், வந்தது. அரைமணி நேரம் இதே விளையாட்டு. அதற்குள் அந்தக் கொத்தைப் பற்றி என் கட்டுரையின் விவாதப் பகுதியில் இரண்டு பத்தி வேறு எழுதி வைத்திருந்தேன்.

என் கட்சி பெர்ம்யூட்டேஷன் கட்சி. யார் எந்தக் குழு என்கிற சீட்டைக் குலுக்கிப்போட்டு, மூளை முழுவதும் மறுபடி கணக்குப் போடுங்கள். வந்ததில் ஆகப் பெரிய மதிப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 5,000 தடவை. அந்தப் பட்டியலில் மேலே உள்ள ஐந்து சதவீதத்தின் எல்லை எதுவோ, அதுதான் வரம்பு. உண்மையான குழுக்களில் கிடைத்த மதிப்பு அதைத் தாண்டினால் பேசலாம். வாக்செல்கள் எப்படி ஒட்டிக்கிடந்தாலும் கவலையில்லை. குலுக்கும்போது அந்த ஒட்டுதலும் கூடவே வருகிறது. சீட்டை மாற்றினால் நியாயம் கெடாது என்பது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு குழுவை ஒரு ஸ்கேனரிலும் மற்றதை வேறொன்றிலும் எடுத்துவிட்டு வந்தால் எந்த முறையும் காப்பாற்றாது. ஆகிற செலவு கணினிக்கு ஒரு ராத்திரி.

எஃப்டிஆர் (பொய்க் கண்டுபிடிப்பு வீதம்) என்கிற திருத்த முறை பிடித்தவர்கள் போடட்டும், சண்டையில்லை. அதன் வாக்குறுதி வேறு: 'உண்டு' என்று சொன்னவற்றில் பொய்யின் பங்கு சராசரியாக இவ்வளவுக்குள் என்பதே. எனக்கு எரிச்சல், முடிவைப் பார்த்தபிறகு அந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு ஆர்ஓஐ (ஆராய எடுத்துக்கொள்ளும் பகுதி) வரைந்து, 'சின்னப் பகுதிக்குத்தான் திருத்தினோம்' என்று எழுதுகிறவர்கள் மேல். பகுதியை முன்னாடியே சொல்லியிருந்தால் அது கருதுகோள். மிஞ்சவில்லை என்றால் ஆள் போதவில்லை, இல்லை விளைவே இல்லை. இரண்டில் எது என்று வரம்பைத் தளர்த்திக் கண்டுபிடிக்க முடியாது.

என் கொத்தையும் குலுக்கிப் பார்த்தேன். திருத்திய பி மதிப்பு 0.31. வரம்பு வெட்டாத வரைபடத்தை அப்படியே கட்டுரையின் இணைப்பில் போட்டேன். அந்த இரண்டு பத்தியை அழிக்கத்தான் கை வரவில்லை. மறுநாள் காலையில் அழித்தேன்.