சாபம் கானானுக்கு, அதில் நிறமே இல்லை

நோவா தன் மகன் காமைச் சபித்ததால்தான் ஆப்பிரிக்கர்களின் தோல் கறுத்தது, அது வேதத்திலேயே இருக்கிறது என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இல்லை. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 9-ஐ எடுத்து 20-ஆம் வசனத்திலிருந்து நிதானமாகப் படியுங்கள். நோவா குடித்து வெறித்துக் கிடந்ததைக் காம் பார்க்கிறான், ஆனால் 25-ஆம் வசனத்தில் சாபம் விழுவது காம் மேல் அல்ல, அவன் மகன் கானான் மேல். தோல், நிறம் என்ற பேச்சே அங்கே இல்லை. அடுத்த அதிகாரத்தில் காமின் பிள்ளைகள் கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான் என்று வரிசையாக வருகிறார்கள். எத்தியோப்பியப் பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கூஷ் மேல் எந்தச் சாபமும் இல்லை, கானானின் வம்சம் என்று சொல்லப்படுவது சீதோன், எபூசியர், எமோரியர், அதாவது ஆப்பிரிக்கர்களே அல்ல.

நிறத்தை உள்ளே நுழைத்தது பிற்கால விளக்கங்கள். அதனால் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். 1861-இல் அமெரிக்கத் தென் மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், சவானா நகரில் அடிமை முறையை நியாயப்படுத்திப் பேசியபோது இந்தக் கானான் சாபத்தையும் இழுத்தார். மனிதர்களைச் சந்தையில் விற்றவர்களுக்குத் தோதான வியாக்கியானம் இது, அதை இன்றைக்கும் வேத சத்தியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரிய அநியாயம்.

அப்புறம், எண்ணாகமம் 12-ஐயும் பாருங்கள். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைக் குறை சொன்ன அவர் அக்கா மிரியாமுக்குத்தான் தண்டனை, அந்தப் பெண்ணுக்கு அல்ல.