பராத் முடிந்த பிறகு அந்தக் குதிரை எப்படி வீடு போய்ச் சேருகிறது?

தில்லியில் கல்யாண சீசன் வந்தால் முகநூல் முழுக்க பராத் வீடியோதான், அதாவது மாப்பிள்ளை குதிரையேறி வரும் ஊர்வலம். நம் தமிழ்க் குடும்பங்களும் சளைத்தவர்கள் இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்கரித்த கார் வந்த காலம் போய், இப்போது வெள்ளைக் குதிரை. ஊரிலிருந்து வந்த மாமாக்கள் டோல் மேளத்தின் அடிக்கு ஆடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் கவலையெல்லாம் குதிரை திரும்பிப் போகிற வழியைப் பற்றித்தான்.

சத்தர்பூர் பண்ணை வீட்டு மண்டபங்கள் பக்கம் ஒரு நாள் பின்னிரவு வரை நின்று பாருங்கள். மாப்பிள்ளை வாசலில் இறங்கியதும் விளக்கு சுமந்து வந்தவர்கள் வயரைச் சுருட்டிவிடுவார்கள். ஜெனரேட்டர் வண்டி கிளம்பிவிடும். குதிரைக்காரர் ஜரிகை வைத்த வெல்வெட் விரிப்பை உருவி, மடித்து, கோணியில் திணிப்பார். கூட வந்த பையன் சாம்பல் நிறக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஏறி உட்காருவான். அப்புறம் மெஹ்ரோலி சாலையில், லாரிகளுக்கு நடுவே, லாயத்தைப் பார்த்து நடை. இத்தனை நேரம் அத்தனை விளக்குக்கு நடுவில் நின்ற குதிரைக்கு இப்போது ஒரு டார்ச்சு கூடக் கிடையாது.

"வெள்ளைக் குதிரைதானே, தெரியாமலா போகும்?" என்று கேட்பார்கள். மூடுபனியில் வெள்ளைதான் முதலில் காணாமல் போகும். ஹெட்லைட் பட்டால் பனியே ஒரு வெள்ளைச் சுவராகிவிடுகிறது. அதற்கு முன்னால் வெள்ளைக் குதிரை எங்கே தெரியும்? நம் மார்கழிதான் இங்கே கர்மாஸ், பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆனால் சங்கராந்தி முடிந்ததும் முகூர்த்தம் தொடங்கிவிடும், பனி அதற்காகக் காத்திருக்காது. 50 மீட்டருக்குள்தான் கண் தெரிகிறது என்றால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 50 மீட்டரை மூன்றே நொடியில் கடக்கும். பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் அதில் பாதி போய்விடும். காரில் அடிபடுவது குதிரையின் கால். உடம்பு அப்படியே முன்கண்ணாடி மேல் வந்து விழும். அதாவது காருக்குள் இருக்கிறவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

ஜரிகை மினுமினுக்கிறதே என்றால், அது வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும், அவ்வளவுதான். ரேடியம் பட்டை என்கிறோமே, அதன் வேலையே வேறு. பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்து, வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும்படி செய்திருப்பார்கள். லாரிகளில் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டுவது அதனால்தான். குதிரை மேல் இருப்பவர் பளிச்சென்ற மஞ்சள் மேல்கோட்டு மட்டும் போட்டால் போதாது. அந்த நிறம் பகலிலும் அந்தி நேரத்திலும்தான் கண்ணை உறுத்தும். இரவில் அதன் மேல் தைத்த பட்டைதான் உழைக்கும்.

குதிரைக்குப் பட்டை கட்டவேண்டிய இடம் கால். டிம் வெளிச்சம் முதலில் தொடுவது அங்கேதான். போதாததற்கு நாலு பட்டை மேலும் கீழும் ஆடி வந்தால், வருவது கம்பமில்லை, உயிருள்ள ஏதோ என்று ஓட்டுநருக்குச் சட்டென்று உறைக்கும். பிரிட்டனின் சாலை விதிநூல் இதைத்தான் சொல்கிறது: இரவில் சவாரியைத் தவிர்ப்பது நல்லது, போயே ஆகவேண்டுமென்றால் குளம்புக்குச் சற்று மேலே, கணுக்கால் மூட்டுக்கு மேல் பட்டை, சவாரி செய்பவருக்குப் பிரதிபலிக்கும் உடை, முன்பக்கம் வெள்ளையும் பின்பக்கம் சிவப்பும் காட்டும் விளக்கு. 2022இல் திருத்தியபோது கார்க்காரர்களுக்கும் ஒரு கணக்கு சொன்னார்கள்: மணிக்கு 10 மைலுக்குக் கீழே, குறைந்தது 2 மீட்டர் தள்ளி.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 132ஆம் பிரிவு. வண்டியைக் கண்டு விலங்கு மிரளும் என்று பயந்து அதைக் கூட்டி வருபவர் நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடிபட்ட பிறகு "அவன் ஏன் கோட்டுப் போடலை?" என்று கேட்க மட்டும் எல்லாருக்கும் தெரியும். குடியரசு தின ஒத்திகைக்கு வரும் ராணுவத்தின் 61ஆம் குதிரைப்படைக்குப் போலீஸ் சாலையை அடைத்துக் கொடுக்கிறது. கிளப்பில் சவாரி பழகும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் உண்டு, வேலிக்குள் மைதானமும் உண்டு. தினம் ராத்திரி நடுரோட்டில் போகிற பையனுக்கு அந்தக் கம்பளிதான்.

பட்டைக்கும் கோட்டுக்கும் ஆகும் செலவை அந்தப் பையன் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் என் கட்சி. குதிரையைக் கூப்பிட்டது கல்யாண வீடு. பூ அலங்காரத்துக்கு ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக் கூட வராது. பிப்ரவரியில் அக்கா பையன் கல்யாணத்துக்குக் குதிரைக்காரரிடம் பேசினேன். "ஃபோட்டோவில் பட்டை தெரிஞ்சா பார்ட்டி திட்டுவாங்க பாய் சாப்" என்றார். நியாயம்தான். பராத் வரைக்கும் பட்டை கோணியில் இருக்கட்டும், மாப்பிள்ளை இறங்கினதும் கட்டிக்கொள்ளட்டும் என்று முடிவானது. ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்தது, கட்ட ஒரு நிமிடம் ஆகாது. பையனுக்கு ஒரு கோட்டு. அன்றைக்குப் பனி அதிகமாக இருந்தால் குதிரையை டெம்போவில் ஏற்றி அனுப்புவது, வாடகை எங்களுடையது. முன்பண ரசீதின் பின்பக்கமே இதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். அக்கா மட்டும் "இதுக்கெல்லாமாடா எழுதி வாங்குவாங்க" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.